இன்னாசி அண்ணன் ஏறாத படகு

இன்னாசி அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. தங்கச்சிமடத்தில் பிளக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவனுக்கு ஊர்ச் சாவுகள் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேரும். காலையில் ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, போனில் ஒரு படம் வந்து விழுந்தது. வெள்ளைச் சட்டை, லேசாக ஒருபக்கம் திரும்பிய முகம், எங்கோ கிளம்ப நினைத்தவரைப் பிடித்து நிறுத்தி எடுத்த மாதிரி ஒரு பார்வை. கீழே, "அண்ணே, பத்துக்கு எட்டு, ரெண்டு வேணும். மதியத்துக்குள்ள" என்று இருந்தது. அனுப்பியவன் இப்போதைய கிரிக்கெட் அணியின் கேப்டன் ரீகன். இவர் படம் எதற்கு, யார் வீட்டுக் கல்யாணம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

உடனே ரீகனைக் கூப்பிட்டேன். என்னால் ஓரிடத்தில் நின்று பேச முடியவில்லை, கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே கேட்டேன்.

"விடியக்காலம் ராமேஸ்வரம் துறையில மீன எறக்கிட்டு நின்னுருக்காரு. நெஞ்சப் புடிச்சிருக்காரு. உக்காருங்கன்னு சொல்லிருக்காய்ங்க. 'ஒன்னுமில்ல, இந்தா வாரேன்'னு நடந்துருக்காரு. ஐஸ் வண்டி வரைக்குந்தாண்ணே போனாரு" என்றான். பிறகு, "அண்ணே, படத்துக்குக் கீழ 'நூறு ரன் நாயகன்'னு பெருசாப் போட்ருங்க. பக்கத்துல ஒரு மட்டை" என்றான்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நூறா? யாருலே எண்ணுனது?"

"எல்லாரும் அப்படித்தானண்ணே சொல்றாங்க."

"ஏலே, அந்த மேட்ச்சுல நா எதிர் முனையில மட்டையோட நின்னவன். அவரு அடிச்சது அம்பத்து மூணு."

"அம்பத்து மூணுன்னா பிளக்ஸ்ல எடுப்பா இருக்காதுண்ணே."

துக்க நாளில் சண்டை போடக்கூடாது என்று போனை வைத்துவிட்டேன். எண்ணும் போடவில்லை, மட்டையும் போடவில்லை. பெயரும் வயதும் மட்டும் போட்டு அச்சடித்துக் கொடுத்தேன். பையன்களுக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அவரோடு பழகியவர்களுக்கும், பழகாமலே வாட்ஸாப்பில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தவர்களுக்கும் அந்த ஆட்டம் நடந்தபடி தெரிய வேண்டும். அதைவிட, ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது தெரிய வேண்டும்.

இன்னாசிமுத்து என்பது ஞானஸ்நானப் பெயர். விசைப்படகில் வலை இழுக்கிற ஆள். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, ஜெயசீலி என்ற ஒரே தங்கையைத் தூக்கி வளர்த்து, அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்து முடித்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் செய்துகொண்டவர். ஓரிடத்தில் நிற்க மாட்டார். டீயை வாங்கினால் கிளாஸோடு தெருமுனை வரை போய்விட்டு வருவார், டீக்கடைக்காரர் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் வருவார், ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை பங்குச் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "இன்னாசி, பூசை உள்ள நடக்குதப்பா" என்றார். "கேக்குது சாமி" என்று வாசலிலிருந்தே பதில் வந்தது. கோயிலே சிரித்தது, சாமியாரும் சிரித்துவிட்டார்.

ஆட்டமும் அப்படித்தான். முதல் பந்தையே தூக்கி அடிப்பார். பட்டால் கடல், படாவிட்டால் ஸ்டம்பு. இரண்டு ஓவருக்கு மேல் அவர் மைதானத்தில் இருந்தால் அன்றைக்கு மழை வரும் என்று கேலி செய்வோம். "கொஞ்சம் நின்னு ஆடுங்கண்ணே" என்றால், "நிக்கிறதுக்கு எதுக்குலே மட்டை? ஒரு கம்ப நட்டு வச்சாப் போதாதா?" என்பார்.

அணியில் நான் இருந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். போட்டிக்குப் பேனர், நன்கொடையாளர் பெயர்கள், ஸ்கோர் போர்டு எல்லாம் இலவசமாக எழுதிக் கொடுப்பேன். அந்த நன்றிக்காகப் பதினோராவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னாசி அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவருக்கு நான் கடைசி வரை 'பெயிண்டர்'தான்.

அந்த ஆட்டம் நடந்தது, மேற்கிலிருந்து கச்சான் காற்று போட்டு அடிக்கிற மாதம். எங்கள் பக்கம் விசைப்படகுகள் நினைத்த நேரத்தில் கடலுக்குப் போக முடியாது. வாரத்தில் சில நாட்கள்தான் முறை. முறை நாளிலும் மீன்துறை ஆபீசில் டோக்கன் வாங்கினால்தான் படகை அவிழ்க்கலாம். காற்று பலமாக இருந்தால் டோக்கன் கொடுக்க மாட்டார்கள். அந்த வாரம் முழுக்க டோக்கன் இல்லை. வீட்டில் கிடந்த ஆண்களை என்ன செய்வது என்று பெண்களுக்கே தெரியவில்லை. கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி, பாதியில் நின்றிருந்த போட்டியின் இறுதி ஆட்டத்தைச் சனிக்கிழமை வைத்தார்கள். சனி, கடலுக்குப் போகிற முறை நாள். "இந்தக் காத்துக்கு எவன் டோக்கன் குடுப்பான்?" என்று அடித்துச் சொன்னார்கள். காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

எதிரணி திருவாடானைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். வயல் வேலை செய்கிறவர்கள், தோள் ஒவ்வொன்றும் தூண். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சுழற்கோப்பையை அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறையும் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கே சொந்தம், திரும்பி வராது. எங்கள் ஊர்க் கோப்பை வேறு ஊர் அலமாரியில் நிரந்தரமாக உட்காரப் போகிறது என்ற எரிச்சலில் சனமெல்லாம் கடற்கரைக்கு வந்துவிட்டது.

அவர்கள் எண்பத்தேழு எடுத்தார்கள். டென்னிஸ் பந்து, பன்னிரண்டு ஓவர், மணல் தரை. எடுக்கக்கூடிய ரன்தான். ஆனால் நாங்கள் முப்பத்து நான்குக்குள் ஐந்து பேரைக் கொடுத்துவிட்டு முழித்தோம். அதில் முதல் பந்திலேயே போனவர் சூசை. இன்னாசி அண்ணனின் தங்கை ஜெயசீலியைக் கட்டியவர். சின்ன வள்ளத்தில் கரையோரமாகத் தொழில் செய்கிற, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். எப்படியோ அதுவரை அவுட் ஆகாமல் இன்னாசி அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் காற்று விழுந்தது. மதியத்துக்கு மேல் யாரோ விசிறியை நிறுத்திய மாதிரி நின்றுபோனது. பனைமட்டைச் சத்தம்கூட இல்லை. ரோட்டில் ஒரு மினி வேன் வந்து நின்று, "டோக்கன் குடுக்காய்ங்க, வாரவன் வா" என்று சத்தம் கேட்டது.

அடுத்து இறங்க வேண்டிய நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு வாரமாக அடுப்பு சரியாக எரியாத வீடுகள். செருப்பை மாட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்கள். ஒருவன் மட்டும் என்னிடம் வந்து, "பாத்துக்க மாப்ள" என்றான். என்னிடம் போய் அதைச் சொன்னான்.

எதிரணி கேப்டன் பாண்டி மெதுவாக வந்தார். மரியாதையான ஆள். "அண்ணே, எறங்கலன்னா அவுட்டுதான? உங்க ரூல்ஸ்தான?" என்று கேட்டார். எங்கள் விதிதான். போன வருடம் அவர்களுடைய பஸ் தாமதமானபோது இதே விதியைச் சொல்லி இரண்டு பேரை அவுட் ஆக்கியிருந்தோம். கமிட்டிக்காரர்களுக்கு வாயைத் திறக்க வழியில்லை. ஆக, ஒன்பது பேர் அவுட். மீதி, இன்னாசி அண்ணனும் நானும்.

அதோடு முடியவில்லை. இன்னாசி அண்ணன் தொழில் செய்த படகின் டிரைவர் மரியான் எல்லைக்கோட்டருகே வந்து நின்றார்.

"இன்னாசி, வாரியா, இல்ல வேற ஆள ஏத்தவா? எனக்கு நிக்க நேரமில்ல."

இன்னாசி அண்ணன் ஸ்கோர் போர்டைப் பார்த்தார். நான் எழுதிய போர்டு. பிறகு வேனைப் பார்த்தார். ஓரடி எடுத்து வைத்தார். அதை நான் பார்த்தேன். ஊர் சொல்கிற கதையில் இந்த ஓரடி இல்லை. கதையில் அவர் மலைபோல நின்றார், 'ஊர் மானம்தான் முக்கியம்' என்று வசனம் பேசினார். அவர் பேசவில்லை, போகத்தான் பார்த்தார்.

கீழே உட்கார்ந்திருந்த சூசைதான் எழுந்தார். "நீ நில்லு மச்சான். நா போறேன்."

"ஏலே, உனக்கு அந்தப் பெரிய போட்டுப் பழக்கமில்ல."

"வலையெல்லாம் ஒரே வலைதான். ஒரு நாள் பொழப்பு. நாந்தான் மொதப் பந்துலயே நாசம் பண்ணிட்டேன், இதாவது செய்யுறேன்." மரியானோடு நடந்து போனார், திரும்பி, "கப்ப விட்றாத" என்றார். வீட்டில் சொல்லிக்கொள்ளவும் போகவில்லை. வேன் கிளம்பிவிட்டது.

நான் மட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கால் மணலில் புதைந்தது. இன்னாசி அண்ணன் பாதி தூரம் வந்து என்னைப் பிடித்தார். "ஏலே பெயிண்டர், நீ ஒன்னும் செய்யாத. ஓடுன்னா ஓடு. நில்லுன்னா நில்லு." நான் தலையாட்டினேன். அந்த இரண்டையும் அன்றைக்கு ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

இனிமேல் நடந்ததைத்தான் நூறு என்கிறார்கள். ஒவ்வொரு ஓவரிலும் கடைசிப் பந்துக்கு ஒன்று ஓடி, அடுத்த ஓவரை அவரே எடுத்துக்கொண்டார். காற்று இல்லாததால் பந்து அடித்த இடத்துக்குப் போனது. இரண்டு முறை பந்து கடலில் விழுந்து நனைந்து கனத்துவிட்டது, அதையும் அடித்தார். மோசமான பந்துக்காகக் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் அவர் கிரீஸில் இல்லை, கடல் பக்கமாகப் பத்தடி நடந்து போய்விட்டு வந்தார். அம்பயர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். வடக்கே படகுகள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன.

"நம்ம போட்டு தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"பச்சப் பட்டை போட்டது. நல்லாப் பாரு."

அதே வேகத்தில் போய் அடுத்த பந்தைப் பனைமரங்களுக்கு மேலே அடித்தார். சனம் எழுந்து குதித்தது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. மட்டையின் முனையை மணலில் தட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஆடியது நிதானம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு இடத்தில் இருக்க வேண்டிய ஒரு மனிதர், ஒரு இடத்திலிருந்து சீக்கிரம் விடுபடுவதற்காக அடித்த அடி அது. வேண்டுமென்றே அவுட் ஆகி ஓடவும் அவரால் முடியவில்லை. சூசை அவர் இடத்துக்குப் போய் வாங்கிக் கொடுத்த நேரம் அது.

கடைசி ஓவரில் ஜெயித்தோம். என் கணக்கில் இரண்டு ரன், இரண்டும் மட்டை விளிம்பில் பட்டுப் போனவை. சனம் ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கியது. அவர் காலை உதறிக் கீழே இறங்கினார். நேராகக் கரைக்குப் போய், வள்ளம் வைத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். "என்னையக் கொண்டுபோயி அந்தப் போட்டுல ஏத்தி விட்ருங்க. மாப்ளயக் கரைக்குக் கூட்டியாந்துருவோம்." விசைப்படகை வள்ளத்தில் எங்கே துரத்துவது? சிரித்தார்கள். ஜெயித்த வெறியில் இப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் முட்டளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார். பரிசு கொடுக்க மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் கோப்பையை வாங்கியது நான். போட்டோவிலும் நான்தான் இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, நூறு அடித்தது நான் என்று நினைத்துக்கொண்ட மகராசர்களும் உண்டு.

மறுநாள் காலையில் படகுகள் திரும்பின. பச்சைப் பட்டை போட்ட படகு திரும்பவில்லை. எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று அந்தப் பக்கத்துக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டதாக மற்றப் படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். தாண்டினார்களோ, தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதோ, யாருக்குத் தெரியும்? ஆறு பேர். அதில் சூசையும் ஒருவர்.

ஜெயசீலி அக்கா கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "அண்ணே, நீ இங்கன இருக்கியேன்னு சந்தோசப்படவா, அவரு இல்லையேன்னு அழவா? எதச் செய்யட்டும், நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து இன்னாசி அண்ணன் சூசையின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். வந்த மீன் முழுக்கத் தங்கை வீட்டு முற்றத்தில் இறங்கும். கரைக்கு வந்த கையோடு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுவார். பார்க்காத அதிகாரி இல்லை, நிற்காத வாசல் இல்லை. ஊர் மறியலுக்கு உட்கார்ந்தால் இவர் மட்டும் நடந்துகொண்டிருப்பார். ஐந்தாவது மாதம் சூசையின் தாயார் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் இன்னாசி அண்ணன் செய்தார். கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னிடம், "ஏலே பெயிண்டர், அந்தக் கப்ப எங்கன வச்சிருக்காய்ங்க?" என்று கேட்டார். கமிட்டி ஆபீசில் என்றேன். "அத என் கண்ணுல காட்டாதீக" என்றார்.

மட்டையை அதன் பிறகு அவர் தொடவே இல்லை.

சூசை எட்டாவது மாதம் அந்தப் பக்கத்துச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தார். மண்டபம் கடற்கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள், ஊரே போயிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார், நாலெட்டு வைத்தால் இளைப்பு வாங்கியது. ஜெயசீலி அக்கா அழுதுகொண்டே குழந்தையைக் கையில் கொடுத்தார். தாயார் போன சேதி அவருக்கு அங்கேயே தெரிந்திருந்தது. பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூட்டத்தில் தேடினார். இன்னாசி அண்ணன் கடைசி ஆளாக, ஒரு வேனுக்குப் பின்னால் நின்றார். சூசை அவரிடம் போனார்.

"மச்சான், மேட்ச் என்னாச்சு?"

எட்டு மாதம் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறார். இன்னாசி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான், "ஜெயிச்சுட்டோம்ணே" என்றேன்.

"அப்பச் சரி" என்று சூசை சிரித்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் இன்னாசி அண்ணன் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார். பாம்பன் பாலத்தின் மேல், கடலுக்கு நடுவில் அவர் தனியாக நடந்துபோவதை வேனிலிருந்து பார்த்தோம். நிறுத்தினோம், ஏறவில்லை.

அதற்குப் பின் இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. சூசை எடுக்கப் பார்த்தால் இன்னாசி அண்ணன் எழுந்து போய்விடுவார். இளைய பையன்கள் யாராவது, "மாமா, அந்த மேட்ச்சச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதும், ஓடாத மோட்டாரைப் போய்க் கிண்டிக்கொண்டிருப்பார். காய்ச்சலோ கால் வீக்கமோ, தன் முறைக்குத் தான்தான் போவார். ஒருமுறை மூட்டு மூட்டாக வலித்து, நிமிரக்கூட முடியாத காய்ச்சலில் துறைக்குக் கிளம்பிவிட்டார். நான் வழி மறித்தேன், ஒரு நாள் வேறு ஆளை அனுப்பினால் என்ன என்று திட்டினேன். "என் எடத்துல இன்னொருத்தன் போகக் கூடாதுலே. ஒரு தடவ போனது போதும்" என்றார். அவரிடம் நான் கேட்ட வார்த்தைகளில் என்னால் மறக்க முடியாதது இதுதான். எங்கள் ஊர் கொண்டாடிய ஆட்டத்தை அவர் ஒருநாளும் ஜெயித்ததாக நினைக்கவில்லை.

நேற்று மாலை அடக்கம். வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து கல்லறைக்கும் பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோனோம். பையன்கள் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டார்கள், அதுதான் வழக்கம். முன்பக்கம் இடது தோள் கொடுத்திருந்தவர் சூசை. அந்தச் சிறைவாசத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு பத்தாது. கோயில் வாசலிலேயே அவருக்கு வேர்த்து ஊற்றியது. ரீகன் பக்கத்தில் போய், "மாமா, விடுங்க, நா புடிக்கிறேன்" என்று தோளை நீட்டினான்.

"போலே அங்கிட்டு" என்றார் சூசை. அவர் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு மச்சான் எடத்துக்கு நா போனேன். அந்த மனுசன் அதையே நெனச்சுச் செத்தாரு. இன்னைக்கு என் எடத்துக்கு எவனும் வர வேணாம்."

யாரும் வரவில்லை. அவருக்காக எல்லாரும் மெதுவாக நடந்தோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார், தோளை மட்டும் எடுக்கவில்லை.

பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண்ணை ஜெயசீலி அக்கா போட்டார். அடுத்தது சூசை. குனிந்தவர் நிமிரவில்லை. கையிலிருந்த மண்ணை வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நாந்தான் திரும்பி வந்துட்டேன்ல மச்சான்."

போய்வாருங்கள் இன்னாசி அண்ணே. உங்கள் மாப்பிள்ளை கரையில்தான் இருக்கிறார்.